வீட்டாரைக் கேட்கும் சபை

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு வள்ளியூரில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். துணிப்பையில் ஒரு மாற்று வேட்டி, சட்டை, மகளுக்காக என் மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் ஒரு டப்பா. பஸ் கிளம்பும்வரை மனைவி ஜன்னல் ஓரம் நின்றாள்.

"அங்க போயி ஊமையா நிக்காதீங்க. சரின்னா சரின்னு சொல்லுங்க, மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ண வாயத் தெறந்து சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"நீ என்ன சொல்லுத?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா நீங்க அதையே சொல்லுவீங்க. அதனால சொல்லமாட்டேன்."

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு இது பிரசவ மாதம். அதனால் மனைவியால் வர முடியவில்லை. இளையவள் ஜெபா நர்ஸ். மூன்று வருடமாகக் கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தங்கி வேலை பார்க்கிறாள். அங்குள்ள சின்னச் சபை ஒன்றில் ஐக்கியமாகி, இப்போது மிஷனரியாக ஒடிசா மலைப்பக்கம் போகப் புறப்பட்டிருக்கிறாள். அந்தச் சபை தன் செலவில் அனுப்புகிறது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. போகிறவருடைய வீட்டாரை ஞாயிறு ஆராதனையில் எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கேட்பார்கள். வீட்டார் தம் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் அனுப்ப மாட்டார்கள். பஸ் ஏறும்போது என்னிடம் பதில் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். முப்பது வருடமாக மாவு மில் ஓட்டுகிறேன். மில்லுக்குள் பேச்சு கேட்காது. அரிசியா, மிளகாயா, நைசா, ரவையா என்பதை எல்லோரும் விரலால் காட்டுவார்கள், நான் தலையாட்டுவேன். மீறிப் பேச வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இப்படியே பழகி, வெளியிலும் எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியும், இல்லையென்றால் கத்தத் தெரியும். நடுவில் உள்ள பேச்சு வராது. அதனால் கல்யாண வீட்டிலும் சாவு கேட்டுப் போகிற துட்டி வீட்டிலும் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸைத் தள்ளியது. காற்றாலைகள் விடிகிற வெளிச்சத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மலையைத் தாண்டியதும் பூமியே வேறு. எங்கள் பக்கம் செம்மண் தேரியும் உடைமரமும். இங்கே கண் போகிற இடமெல்லாம் வாழையும் தென்னையும். நாகர்கோவிலில் இறங்கிக் களியக்காவிளை பஸ் பிடித்தேன். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தில் ஏறினோம்; ஜன்னலுக்கு நேராக வீட்டு மொட்டைமாடிகள் வந்தன. ஒன்பது மணிக்குக் களியக்காவிளை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. மண்ணில் கோடு ஒன்றும் இல்லை. கடைப் பலகையின் எழுத்து மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.

காரக்கோணத்தில் மெடிக்கல் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கச் சொல்லியிருந்தாள் ஜெபா. அந்த வழியாகப் போகும் பஸ் என்று ஒருவர் கைகாட்ட, ஏறிவிட்டேன். பலகைகள் எல்லாம் மலையாளம். எனக்கு அந்த எழுத்து தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கடந்து போனது. இதுவாக இருக்குமோ என்று நினைத்தேன். கண்டக்டர் பின்னால் நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஸ் இரண்டு மேடு ஏறி இறங்கிவிட்டது. கடைசியில் எல்லோரும் இறங்கியபோது நானும் இறங்கினேன். ஊர் பனச்சமூடு என்றார்கள்.

பனச்சமூடு ஒரு சந்திப்பு. சின்னச் சந்தை, பஸ் நிற்கும் இடம், இரண்டு மாநிலத்துக்கும் போகிற வண்டிகள். மீன்காரப் பெண் தமிழில் விலை சொன்னாள், வாங்கியவர் மலையாளத்தில் பேரம் பேசினார், இருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. ஒரு சாயா குடித்துவிட்டு ஆட்டோவிடம் போனேன். ஓட்டியவர் பெயர் சுகுமாரன், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும்.

"அண்ணாச்சி எங்கோட்டு?"

"காரக்கோணம்."

"எங்கேந்து வாறிய?"

"வள்ளியூரு. களியக்காவிளையில பஸ் ஏறினேன்."

"அந்த பஸ்ஸு காரக்கோணம் வழியாக்கும் வரும். பின்ன எறங்கல்லியா?"

நான் சிரித்து வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண்டக்டரிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தியன்னா எனக்கு இந்த ஓட்டம் கிட்டியிருக்காது. நல்லதாப் போச்சு, ஏறுங்க. நூறு ரூபா தந்தா போரும்."

வழியெல்லாம் அவரே பேசிக்கொண்டு வந்தார். எதற்கு வருகிறேன் என்று கேட்டார். இரண்டே வரியில் சொன்னேன்.

"ஒடிசாவா? அங்க உள்ளவங்களுக்கும் சாமி உண்டுல்லா அண்ணாச்சி? இங்கேந்து எதுக்குக் கொண்டுபோணும்?"

அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"தப்பா எடுக்காதிங்க. நான் இந்து, அம்பலத்துக்குப் போற ஆளாக்கும். ஆனா எனக்க அப்பன் எழுத்து படிச்சது மிஷன் பள்ளிக்கூடத்தில. அதயும் சொல்லணும் இல்லியா? சொல்லல்லன்னா நன்றி கெட்டவனாயிடுவேன்."

காரக்கோணத்தில் ஜெபா சாலையோரம் நின்றாள். எதிர்த் திசையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

"தாண்டிப் போயிட்டீங்களா?"

"ம்."

"கண்டக்டர்ட்ட கேக்க வேண்டியதுதானப்பா!"

"கேக்கலாம்னுதான் இருந்தேன்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அங்கிருந்து இன்னொரு பஸ், பத்து ரூபாய். கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் இறங்கி உள்ளே நடந்தோம். வழி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மேட்டில் வீடுகளும் ரப்பரும், பள்ளத்தில் வயல். வெட்டுக்கல் மதில்களில் பாசி படர்ந்திருந்தது. எங்கள் ஊரில் தண்ணீரைத் தேடித்தான் வேர் போகும். இங்கே மதில்மேல் விழுந்த விதைகூட முளைத்து நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே திருவனந்தபுரம் பக்கம் போய்விடுவதால் தெருவில் நடமாட்டம் குறைவு.

தங்கியது தங்கையன் வீட்டில். கொத்தனார், என் வயதுதான். சபையில் மிஷன் காரியங்களைப் பார்க்கும் கமிட்டியில் இருக்கிறார். மனைவி ஸ்டெல்லா. அவர்களுடைய ஒரே மகனும் வடக்கே ஜார்க்கண்டில் மிஷனரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவானாம். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தார்கள்.

"தின்னுங்க அண்ணே. மிண்டாம இருந்தா எப்பிடி? உங்க மக நாலாளுக்குள்ள பேச்சு பேசுவா. ஆருக்க கொணம் அவளுக்கு?" என்றார் ஸ்டெல்லா.

"அம்மா கொணம்" என்றேன்.

"அப்போ நாளைக்கு அம்மைய அனுப்பியிருக்கணும். நீங்க எந்திரிச்சு நின்னு தலையாட்டினா சபையில ஒத்துக்கமாட்டாவ. வாயால சொல்லணுமாக்கும்."

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று அறிய எனக்கு ஆசை. கேட்க வாய் வரவில்லை. ஜெபா அதைக் கண்டுபிடித்தவள் போல, "கல்லறைத் தோட்டத்துக்குப் போவோமாப்பா?" என்றாள். வெயில் தாழ்ந்ததும் தங்கையனோடு போனோம்.

சபைக் கோயில் சின்னது, ஓட்டுக்கூரை. பின்னால் சரிவில் கல்லறைகள். மேல் ஓரத்தில் கருங்கல் பதித்த பழைய கல்லறை ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. பெயரில் இரண்டு மூன்று எழுத்துதான் மிச்சம். ஜெபா விரலால் தடவித் தடவி வாசித்தாள். கப்பலில் வந்த வெள்ளைக்கார மிஷனரி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது. வந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் இறந்துபோயிருக்கிறார்.

தங்கையன் மதில்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்துப் பேசினார். அப்போது கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. இந்தியா என்று இன்று நாம் சொல்வதும் இல்லை. இது திருவிதாங்கூர் ராஜாவின் நாடு. இன்ன சாதியார் இந்த வழியில் நடக்கக்கூடாது, இன்ன பெண்கள் தோளில் துணி போடக்கூடாது என்றிருந்த காலம். பெண்கள் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையில் வைத்துக் கிழித்த கதை இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த நேரத்தில்தான் மிஷனரிகள் வந்தார்கள். ஓலைக் கொட்டகையில் பள்ளிக்கூடம் வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், இந்த மக்களுக்காக ராஜாவுக்கும் துரைமாருக்கும் மனு எழுதினார்கள். எழுத்து தெரிந்ததும் ஜனங்கள் தாமே மனு எழுதத் தொடங்கினார்கள்.

"எல்லாம் அவங்க செய்ததுன்னு சொல்லமாட்டேன். அடி வாங்கினது நம்ம ஆளுகளாக்கும்" என்றார் தங்கையன். "அதுமட்டுமில்ல. அவங்க நம்மளப் பிள்ளையளாட்டுதான் பாத்தாவ. சரிசமமான ஆளாட்டுப் பாக்க ரொம்பக் காலம் எடுத்தது. பங்களாவில உபதேசியாரு பொறவாசல் வழியாத்தான் போவணும்னு எங்க அப்பன் சொல்லுவாரு."

அப்படிப்பட்ட உபதேசியார் ஒருவர்தான் அந்த வழக்கத்துக்குக் காரணம். வெள்ளைக்காரருக்கு முன்னும் பின்னும் நடந்து, ஊர் ஊராகப் பேசியது உள்ளூர் உபதேசியார்கள்தான். இந்தச் சபையின் முதல் உபதேசியார் ஒருநாள் மலைப்பக்கம் உள்ள ஜனங்களிடம் ஊழியத்துக்குக் கிளம்பினார். சொன்னால் விடமாட்டாள் என்று தாயிடம் சொல்லவில்லை. மிஷனரியும் அவளிடம் கேட்கவில்லை. போனவர் திரும்பவில்லை, காய்ச்சலா, காட்டு மிருகமா, யாருக்கும் தெரியாது. அந்தத் தாய் ஞாயிறுதோறும் வந்து வாசல்படியில் உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும், "எனக்க மவன ஆரு அனுப்பினா? எங்கிட்ட கேட்டாங்களா?" என்று கேட்பாளாம். அவள் சாகும்வரை கேட்டாள். அதற்குப் பிறகு சபையார் கூடி, வீட்டாரைக் கேட்காமல் இங்கிருந்து யாரையும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார்கள். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இன்றுவரை மாறவில்லை.

"சும்மா சடங்குக்குக் கேக்கிறதில்ல அண்ணே" என்றார் தங்கையன். "எனக்க மவனுக்காகக் கேட்டப்போ நான் இல்லன்னு சொன்னேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒரு வருசம் அவன் எங்கிட்ட நேரா மிண்டல்ல. ஆனா போகவும் இல்ல. எனக்ககூட சாந்து சுமந்தான். அடுத்த வருசம் அவன் கேக்கல்ல. நானே போதகரிட்டப் போயி, திரும்பக் கேளுங்கன்னு சொன்னேன்."

"ஏன்?"

"ஒரு வருசம் பக்கத்தில வச்சுப் பாத்தேன். அவன் இங்க இருந்தான், ஆனா இங்க இல்ல." அவர் பீடியை மதிலில் நசுக்கினார். "இப்பவும் ராத்திரி போன் மணி கேட்டா நெஞ்சு இடிக்கும். சரின்னு சொன்னா பயம் போயிரும்னு நினைக்காதிங்க. போகாது."

அவர் முன்னால் நடந்தார். நான் கருங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஜெபா, இவருக்கும் ஒரு அப்பா இருந்திருப்பாருல்லா?" என்று கேட்டேன்.

"இருந்திருப்பாரு."

"அவருட்ட யாரு கேட்டா?"

அவள் அந்தத் தேய்ந்த எழுத்தை மறுபடி தடவினாள். மிஷனரிகளைப் பற்றி எங்கள் சபைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். அழைப்பு வந்தது, கப்பல் ஏறினார், பாடுபட்டார், பள்ளிக்கூடம் கட்டினார் என்பார்கள். கப்பல்துறையில் நின்றவனைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் கப்பல் ஏறுவது என்றால் அநேகமாகத் திரும்பி வராதது. மகன் செத்த செய்தி போய்ச் சேரவே பல மாதம் ஆகியிருக்கும். அவ்வளவு நாளும் அந்த மனிதர் மகன் உயிரோடு இருப்பதாக நினைத்துச் சாப்பிட்டிருப்பார், தூங்கியிருப்பார்.

"அந்த ஆட்டோக்காரரு ஒண்ணு கேட்டாரு" என்று சுகுமாரன் கேட்டதைச் சொன்னேன்.

"நான் சாமியக் கொண்டு போகலப்பா. அவரு அங்க ஏற்கனவே இருக்காரு. நான் பி.பி. மிஷினக் கொண்டு போறேன்" என்றாள். பிறகு விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னாள்: "அங்க பிரசவம்னா கட்டில்ல வச்சு மல இறக்கித் தூக்கிட்டு வாராங்களாம். பாதி வழியிலயே உசுரு போயிருது. அக்காவ வச்சு நெனச்சுப் பாருங்க. அந்தப் பிள்ளைங்க கண்ணு முன்னால நிக்கும்போது, எனக்கு இங்க டியூட்டி பாக்க முடியல. இதுக்குத்தான் கர்த்தர் என்னயப் படிக்க வச்சாருன்னு தோணுது."

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"போகமாட்டேன்."

"கோவப்படுவியா?"

"படுவேன். ஆனா போகமாட்டேன்."

சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது. பாட்டும் பிரசங்கமும் மலையாளம், பாதி புரிந்தது. இடையில் ஒரு தமிழ்ப் பாட்டு பாடினார்கள். அதைப் பாடும்போது யார் எந்த மாநிலம் என்று பிரிக்க முடியவில்லை. பிரசங்கம் முடிந்து போதகர் ஜெபாவை முன்னால் அழைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்தேன். யாரோ கையில் மைக்கைத் திணித்தார். வாழ்நாளில் நான் மைக் பிடித்தது அன்றுதான்.

போதகர் எனக்காகத் தமிழில் கேட்டார். "உங்க மகளக் கர்த்தருடைய வேலைக்குத் தூரத்துக்கு அனுப்ப இந்தச் சபை நினைக்குது. வீட்டில கேக்காம நாங்க அனுப்பமாட்டோம். நீங்க அவள மனசோட தாறீங்களா?"

'தாறோம்' என்பதுதான் பதில். முந்தின இரவே தங்கையன் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரே வார்த்தை. நான் நின்றேன். ஒரு குழந்தை இருமியது. ஜெபா என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அவளுக்காகச் சொல்லிவிடுவேன் என்று தரையைப் பார்த்தாள். அவள் அம்மாவும் இதையேதான் செய்தாள். என் கண்ணில் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கருங்கல் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். வந்தது மில் சத்தம். மைக் வேறு.

"தரமாட்டேன்!"

கோயில் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார். போதகரின் முகம் விழுந்துவிட்டது. ஜெபா கண்ணை மூடினாள். ஆனால் எனக்கு இன்னும் பேச்சு முடியவில்லை. குரலைக் குறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"தரமாட்டேன்யா! அவ என் மக! போயிட்டு வரட்டும்! திரும்பி வரணும்! வருவேன்னு அவ சொன்னா, போகட்டும்!"

சொல்லிவிட்டு மைக்கைப் பெஞ்சில் வைத்தேன். அது உருண்டு விழுந்து ஒரு கூச்சல் போட்டது.

போதகர் தங்கையனைப் பார்த்தார். அவர் கமிட்டி ஆட்களைப் பார்த்தார். இது சம்மதமா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா எழுந்தார்.

"ஐயா, நம்ம இதுவரைக்கும் வீட்டில உள்ளவங்களத்தான் கேட்டோம். போறவங்களிட்ட ஒருநாளும் கேட்டதில்ல. கேளுங்க! எனக்க மவன் போம்போது இதக் கேக்க எனக்குத் தோணாமப் போச்சே."

தங்கையன் தலை குனிந்துகொண்டார். போதகர் ஜெபாவிடம் திரும்பினார்.

"திரும்பி வருவியா மக்கா?"

"வருவேன் ஐயா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மில்லில் பேசுகிற மாதிரி உரக்க, "வருவேம்ப்பா!" என்றாள். அப்போதுதான் சபை சிரித்தது. அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். என்னையும் கை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

வெளியே வந்ததும் தங்கையன் என் தோளைத் தொட்டார். "இனிமே ரெண்டு கேள்வியாக்கும் அண்ணே" என்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்கு வந்தேன். இந்த முறை இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் கேட்டேன்; கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன் போலிருக்கிறது, நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாகர்கோவில் பஸ்ஸுக்காக நின்றபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னன்னு?"

நடந்ததைச் சொன்னேன். அவள் அழுகிறாளா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். தெரியவில்லை.

"கத்தினீங்களாக்கும்" என்றாள்.

"ஆமா."

"கத்துனதும் நல்லதுதான். அவளுக்கு நெனவிருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் ஊர்க் கோயில் பெரியது. உள்ளே சுவரில் மிஷனரிமார் பெயர் பொறித்த சலவைக்கல் இரண்டு உண்டு. சின்ன வயதிலிருந்து பார்த்த கற்கள்தான். அடுத்த ஞாயிறு கூட்டம் கலைந்தபின் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். வந்த வருடம் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது, இறந்த நாள் இருக்கிறது. வழியனுப்பியவர் பெயர் இல்லை. அவர்களிடம் கேட்டார்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் இல்லை.

ஜெபா ரயில் ஏறிவிட்டாள். மூத்தவளுக்குப் பெண் குழந்தை. காலையில் மில்லைத் திறந்து பெல்ட்டை மாட்டி மோட்டாரைப் போட்டேன். மிளகாய் கொண்டுவந்த அம்மாள் ஒருத்தி, சின்னவள் எங்கே என்று கையால் கேட்டாள். நான் வடக்கே கையைக் காட்டினேன். அதே கையைத் திருப்பி, வாசலைக் காட்டினேன்.